நடுவில் ஒன்றுமில்லை

எதையும் அவர் சும்மா மூடமாட்டார். மூடி, கம்பி கட்டி, முடிச்சிட்டு, அந்த முடிச்சின்மேல் ஓர் ஈய வில்லையை வைத்து இடுக்கியால் நசுக்கினால்தான் அவர் கணக்கில் அது மூடியதாகும். எடை அளவு ஆய்வாளராகக் கடைகடையாக ஏறி இறங்கித் தராசுகளுக்கு முத்திரை வைத்துப் பழகிய கை, வீட்டுக்கு வந்தாலும் அடங்குவதில்லை. எழுத்துத் தேய்ந்துவிட்டதென்று அலுவலகம் கழித்துப்போட்ட பழைய இடுக்கி ஒன்றைக் கேட்டு வாங்கி வைத்திருந்தார். பரணில் ஏற்றும் பெட்டி, வெளியூர் போகையில் பூட்டும் அலமாரி, விருந்தாளிகளுக்கென்று ஒதுக்கிய பிஸ்கட் டப்பா என எதுவும் அதற்குத் தப்பியதில்லை. ஒருமுறை இருமல் மருந்துப் புட்டிக்கு முத்திரை வைத்துவிட்டு, இருமல் வந்தபோது தாமே கத்தரிக்கோலைத் தேடிக்கொண்டு இருமியபடி வீடெல்லாம் அலைந்தார். தெருவில் அவருக்கு முத்திரையார் என்று பெயர். மனைவி அதைக் கிண்டல் என்றாள். அவர் பட்டமாக எடுத்துக்கொண்டார்.

இந்தப் பழக்கத்தில் இன்னொரு பகுதியும் உண்டு. தாம் முத்திரையிட்ட பொருளை அவர் மறுபடி நினைத்துப் பார்ப்பதே இல்லை. நினைக்க வேண்டியதில்லை என்பதற்காகத்தானே முத்திரை?

கூடத்தில் தொலைக்காட்சிக்குக் கீழே அவர் கையால் செய்த மர அலமாரி ஒன்று இருந்தது. வயர்கள் பிடாரன் கூடைப் பாம்புகளைப்போலச் சுருண்டு கிடப்பது அவருக்குப் பிடிக்காது. எல்லாவற்றையும் உள்ளே தள்ளி, கதவைச் சாத்தி, கைப்பிடிகளைக் கம்பியால் பிணைத்து முத்திரை வைத்திருந்தார். பின்பலகையில் ஒரு துளை. அதன் வழியே ஒரு வயர் மேலேறித் தொலைக்காட்சியின் முதுகில் போய்ச் செருகிக்கொள்ளும். இன்னொரு வயரின் முனை வெளியே நீண்டு நிற்கும். படம் தருகிற பெட்டி எதுவானாலும் அந்த முனையில் மாட்டிவிட்டால் போதும். போன வாரம் சகலை புதிய பெட்டி ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தபோதும் அப்படித்தான் மாட்டினார்கள். செய்தி வந்தது, பாட்டு வந்தது, சமையல் வந்தது. முத்திரையார் தலையை ஆட்டி ஒப்புதல் வழங்கினார்.

சகலை என்றால் மனைவியின் தங்கையைக் கட்டியவர். நாலு தெரு தள்ளிச் செருப்புக்கடை வைத்திருந்தார். வாயைத் திறந்தால் கேலிதான். வரும்போதெல்லாம் அந்த பிஸ்கட் டப்பாவை ஒரு பார்வை பார்த்து, "அண்ணே, இது எந்தக் காலத்துல திறக்கும்?" என்று கேட்பார். சகலை விருந்தாளியா என்ன என்பது முத்திரையாரின் கணக்கு.

அந்தப் பெட்டியைச் சகலை கொண்டுவந்ததற்குக் காரணம் இருந்தது. மனைவியின் தம்பி, கால்நடை மருத்துவப் படிப்பைப் பாதியில் விட்டுவிட்டுக் கேமராவைத் தூக்கிக்கொண்டு போனவன், சதுப்பு நிலம் ஒன்றில் நீர்நாய்க் குடும்பத்தின் பின்னாலேயே அலைந்து ஒரு படம் எடுத்திருந்தான். இன்று மாலை அது இணையத்தில் வெளியாகிறது; அதைத் தொலைக்காட்சியில் பார்க்கத்தான் பெட்டி. அவனுடைய அப்பா, அதாவது முத்திரையாரின் மாமனார், ஊரறிந்த கால்நடை மருத்துவர். மகன் தம் மருத்துவமனையில் வந்து உட்காருவான் என்று நாற்காலிகூட வாங்கிப் போட்டிருந்தவர். "உயிரைக் காப்பாத்தற வேலையை விட்டுட்டு உயிரை வேடிக்கை பார்க்கப் போறான்" என்று சொன்னதுதான் அவர் மகனைப்பற்றிச் சொன்ன கடைசி வாக்கியம். அதன்பின் அந்தப் பெயர் வந்தாலே காது கேளாதவராகிவிடுவார்.

மகள், அதாவது முத்திரையாரின் மனைவி, விடவில்லை. அழுதாள், கோபித்தாள், பட்டினி கிடப்பதாகச் சொல்லிவிட்டுக் கிடக்காமலும் இருந்தாள். கல்லும் கரையும் என்பார்கள். கிழவர் அரைக்கல் அளவுக்குக் கரைந்தார். வருகிறேன், ஒருமுறை பார்க்கிறேன், பார்த்தபின் யாரும் என்னிடம் அவனைப்பற்றி ஒன்றும் பேசக்கூடாது, அடுத்த பஸ்ஸில் போய்விடுவேன் என்று நிபந்தனை போட்டார். அவர் எப்படிப்பட்டவர் என்பது மகளுக்குத் தெரியும். வழியில் ஒரு செருப்பு அறுந்தாலும் அதைச் சாக்காக வைத்துத் திரும்பிவிடுவார், மறுபடி வரமாட்டார். இந்த ஒரு மாலை தவறினால் தம்பியும் அப்பாவும் இனி ஒருவரையொருவர் பார்க்கப் போவதில்லை.

மாமனார் வந்தார். நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார். துணிப்பையைக் கீழே வைக்காமல் மடியில் வைத்துக்கொண்டு, அதன்மேல் குடையைக் குறுக்கே போட்டுக்கொண்டார். புறப்படத் தயாராக இருக்கும் மனிதரின் கோலம் அது. மகள் தேநீரை நீட்டினாள். படம் முடியட்டும் என்றார். முத்திரையார் ரிமோட்டை எடுத்துப் பொத்தானை அழுத்தினார்.

திரையில் தண்ணீர் தெரிந்தது. தண்ணீரைப் பிளந்துகொண்டு ஈரமான ஒரு மூக்கு எழுந்தது. மீசை முடியில் நீர்த்துளி மின்னியது. மாமனாரின் கழுத்து ஒரு விரற்கடை முன்னே நீண்டதை மகள் பார்த்தாள்.

மறுகணம் திரை கறுத்தது. கறுப்பின் நடுவே வெள்ளை எழுத்துகள்: இந்த இணைப்பின் வழியே இப்படத்தைக் காட்ட அனுமதி இல்லை.

முத்திரையார் மறுபடி அழுத்தினார். அதே மூக்கு, அதே துளி, அதே கறுப்பு. பெட்டியை அணைத்துப் போட்டார். தொலைக்காட்சியை அணைத்துப் போட்டார். இரண்டையும் அணைத்து, மூச்சை அடக்கிக் காத்திருந்து, முதலில் இதை, பிறகு அதைப் போட்டார். அடுத்து அதை முதலில், இதைப் பிறகு. பெட்டியில் செருகிய முனையைக் கழற்றி, ஊதி, மீண்டும் செருகினார். ஒவ்வொரு முறையும் நீர்நாய் மூக்கை நீட்டிவிட்டு, வாசலில் கடன்காரனைக் கண்டவன்போல உள்ளே போய்விட்டது. செய்தியைப் போட்டுப் பார்த்தார். அது கணீரென்று வந்தது. எல்லாம் வராமல் போனால் மின்சாரத்தைக் குறை சொல்லலாம். மச்சானின் படம் மட்டும் வரவில்லை என்றால் யாரைச் சொல்வது?

சட்டைக் காலர் நனைந்திருந்தது. மாமனார் குடையின் பிடியை ஒருமுறை திருப்பிக்கொண்டார்.

மனைவி கைப்பேசியில் பார்க்கலாமே என்று மெல்லச் சொன்னாள். மாமனார் தலையை அசைத்தார். கண்புரை உள்ளவர், கைப்பேசித் திரையின் சின்ன உருவங்கள் அவருக்குத் துலங்காது. ஆனால் அவர் சொன்னது அதையல்ல.

"உள்ளங்கையில வச்சுப் பார்க்கிற வயசெல்லாம் அவன் தாண்டிட்டான்மா."

முத்திரையார் வாடிக்கையாளர் சேவைக்கு அழைத்தார். ஒரு பெண் எடுத்தாள், சலிக்காத குரல். அவர் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு விளக்கினாள். படத்தைத் திருட்டுத்தனமாகப் பிரதி எடுக்காமல் இருக்க ஒரு காவல் வைத்திருக்கிறார்கள். பெட்டி, தனக்கு அடுத்திருக்கும் கருவியிடம் அடையாளம் கேட்கும். அது சரியான விடை சொன்னால்தான் படத்தை ஒப்படைக்கும். செய்திக்கும் பாட்டுக்கும் இந்தக் காவல் இல்லை, புதுப்படங்களுக்கு உண்டு. வரிசையில் ஏதாவது ஒன்று பழசாக இருந்து, விடை தெரியாமல் விழித்தால், எல்லாமே நின்றுபோகும்.

இது எறும்புகளின் வழக்கம்தான். எறும்புகள் எதிர்ப்படும்போது மீசையால் மீசையைத் தொட்டு, நம்மவரா என்று கேட்டுக்கொண்டுதான் தானியத்தைக் கைமாற்றும். ஒரு வரிசையில் வண்டு ஒன்று நெடுநாளாகப் புகுந்து நடந்துவந்ததாம். நல்ல வண்டு, சுமக்கவும் செய்யும். சண்டை சச்சரவு இல்லாத காலத்தில் அதை யாரும் கேட்கவில்லை. திருட்டுப் பயம் வந்த அன்று பின்னால் வந்த எறும்பு மீசையை நீட்டியது. நீட்டித் தொட வண்டுக்கு மீசை நீளமில்லை. வரிசை நின்றது. புற்றில் குஞ்சுகள் பசித்திருந்தன. வண்டோ திரும்பிப் பார்த்து, "ஏன் நிற்கிறீர்கள், சோம்பேறிகளே?" என்று எறும்புகளைத் திட்டிக்கொண்டிருந்தது.

"சார், உங்க பெட்டிக்கும் டிவிக்கும் நடுவுல வேற ஏதாவது கருவி இருக்கா?" என்று அந்தப் பெண் கேட்டாள்.

"நடுவுல ஒண்ணும் இல்லம்மா" என்றார் முத்திரையார். "எல்லாம் நானே பண்ணி சீல் வச்சிருக்கேன்."

அவர் பொய் சொல்லவில்லை. மனத்தில் அப்படித்தான் பதிந்திருந்தது. அந்தப் பெண் சற்று யோசித்து, அப்படியானால் பெட்டியிலேயே கோளாறு இருக்கலாம், அல்லது பெட்டி அசலாக இல்லாமல் இருக்கலாம் என்றாள். இந்தக் கடைசிச் சொல் முத்திரையாரின் காதில் விழுந்தது, மற்றவை விழவில்லை. போலி எடைக்கல்லைத் தேடித் தேடிப் பிடித்தே காலம் தள்ளியவர் அல்லவா? பயத்துக்கு நிற்க ஓர் இடம் கிடைத்தது.

சகலையை அழைத்தார். மாமனாரும் கேட்கட்டும் என்று ஒலிபெருக்கியைப் போட்டார்.

எங்கே வாங்கினாய், யாரிடம் வாங்கினாய், ரசீது உண்டா என்று அடுக்கினார். சகலை பெரிய கடையில்தான் வாங்கியதாகச் சொன்னார். முத்திரையார் கேட்கிற நிலையில் இல்லை.

"போலிப் பெட்டியைக் கொண்டுவந்து என் தலையில கட்டிட்டே. மாமா வந்து உட்கார்ந்திருக்கார், படம் வரலை. இனிமே இந்த மாதிரி சாமானோட என் வாசப்படி ஏறாதே."

எதிர்முனையில் யாரோ புதுச் செருப்பை அளவு பார்த்து நடக்கும் சத்தம் கேட்டது.

"அண்ணே," என்றார் சகலை. குரலில் கேலி இல்லை. "ஒரு கடைக்காரன் தராசைச் சோதிக்காமலே கள்ளத் தராசுன்னு சொல்லுவீங்களா?"

முத்திரையார் பெட்டியைத் தூக்கி அதன் அடிப்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தார்.

"சரிண்ணே. ஏறலை."

இணைப்பு அறுந்தது. மாமனார் கைக்கடிகாரத்தைக் கண்ணருகே கொண்டுபோய்ப் பார்த்தார். "பஸ் வந்துடும்" என்றார். மனைவி சமையலறை நிலைப்படியைப் பிடித்தபடி நின்றாள். அவள் அழவில்லை. அழுதிருந்தால் முத்திரையாருக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

சோதிக்காமலே என்ற சொல் முள்ளாகத் தைத்தது. சோதித்தே காட்டுகிறேன் என்று எழுந்தார். பெட்டி போலி என்பதை மாமனார் கண்முன்னே நிறுவிவிட வேண்டும். பெட்டியில் மாட்டியிருந்த வயர் தொலைக்காட்சிவரை அறுபடாமல் போகிறது என்று முதலில் காட்டினால் மீதிப் பழி பெட்டியின் மேல்தான். தொலைக்காட்சியின் முதுகுக்குப் பின்னால் கையை நுழைத்து, அங்கே செருகியிருந்த வயரைப் பிடித்துக்கொண்டார்.

"அந்தப் பக்கத்து முனையை மெள்ள இழு" என்றார் மனைவியிடம். ஒரே வயர், அங்கே இழுத்தால் இங்கே அசைய வேண்டும்.

"இழுக்கிறேங்க."

"இழு."

"இழுத்துட்டேன்."

அவர் விரல்களுக்குள் வயர் செத்த பாம்பாகக் கிடந்தது. இன்னும் இழுக்கச் சொன்னார். அலமாரிக்குள் ஏதோ கனமான பொருள் மரத்தில் உராய்ந்து நகரும் ஓசை கேட்டது. கையிலிருந்த வயர் அசையவில்லை.

மனைவி தலையை நிமிர்த்தாமல், அப்பாவுக்குக் கேட்காத குரலில் சொன்னாள்: "உள்ள உங்க ஆம்பிளிபயர் இருக்குங்க."

இருந்தது. அவருடைய பழைய ஆம்பிளிபயர். பாட்டுக்கு அடித்தொண்டை கொடுக்கும் என்று அவர் மார்தட்டும் கருவி. சகலையின் பெட்டியிலிருந்து வரும் படமும் ஒலியும் முதலில் அதற்குள் போய், பிறகுதான் மேலே ஏறின. வைத்தவர் அவர். பிணைத்தவர் அவர். அது பிறந்த காலத்தில் இந்த அடையாளக் கேள்வியே பிறந்திருக்கவில்லை. முத்திரை இல்லாத தராசு இம்மியும் பிசகாமல் நிறுத்தாலும் செல்லாது என்று எத்தனை கடைக்காரர்களிடம் சொல்லியிருப்பார்!

கத்தரிக்கோலை எடுத்தார். அலமாரியின் முன் குந்தியபோது ஈய வில்லை அவரைப் பார்த்தது. பளபளப்பாக, எவர் கையும் படாமல். வேறு யாரேனும் உடைத்திருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும். கம்பியை வெட்டினார். ஆம்பிளிபயரின் முதுகிலிருந்து பெட்டியின் வயரைப் பிடுங்கி, அந்த முனையைத் துளைவழியே மேலே இழுத்து, தொலைக்காட்சியில் நேராகச் செருகினார். மாமனார் அதற்குள் எழுந்துவிட்டார். குடை கையில், பை தோளில்.

தண்ணீர் தெரிந்தது. மூக்கு எழுந்தது. துளி மின்னியது, உருண்டு விழுந்தது. மூக்கைத் தொடர்ந்து தலை வந்தது, முதுகு வந்தது, வால் வந்தது. திரை கறுக்கவில்லை.

மாமனார் நின்றபடியே பார்த்தார். பிறகு, பின்பக்கம் தடவி நாற்காலியைக் கண்டுபிடித்து உட்கார்ந்தார்.

"பெட்டி போலின்னீங்களே மாப்பிள்ளை?" என்றார் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

நாக்கு நுனிவரை உண்மை வந்தது. மருமகனாக வந்த நாள்முதல் இந்த மனிதர்முன் அவர் எதிலும் தவறியதில்லை. "என்னவோ மாமா, தட்டிக் கொட்டினதுல சரியாயிடுச்சு" என்றார். மனைவி அவரைத் திரும்பிப் பார்த்தாள். பார்த்துவிட்டுத் திரையின் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

படம் ஓடியது. ஒலி மட்டும் மெலிந்திருந்தது; ஆம்பிளிபயர் இல்லாத தண்ணீர் தகரத்தில் ஊற்றியதுபோலச் சலசலத்தது. தாய் நீர்நாய் குட்டிகளுக்கு நீந்தக் கற்றுக்கொடுத்தது. முத்திரையாருக்கு எதுவும் மனத்தில் நிற்கவில்லை. படம் நின்றுவிடுமோ என்ற பயம் போனதும், அது இருந்த இடத்தில் வேறொன்று வந்து உட்கார்ந்துகொண்டது. குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்று படித்தது வெறும் மோனைக்காக எழுதியதல்ல என்று தெரிந்தது. கைக்குள் கம்பி அறுந்த ஈய வில்லை உறுத்திக்கொண்டே இருந்தது.

அவருடைய உத்தியோகத்தில் அவரே வைத்துக்கொண்ட விதி ஒன்று உண்டு. நல்ல தராசைத் தவறாகக் கள்ளத் தராசென்று ஒதுக்கிவிட்டால், தனியே கூப்பிட்டு மன்னிப்புக் கேட்டுவிட்டுப் போகக்கூடாது. எந்த வாடிக்கையாளர்கள் முன்னே ஒதுக்கினாரோ அவர்கள் முன்னேயே முத்திரை வைத்துக் கொடுக்க வேண்டும். இல்லையென்றால் கடைக்காரன் பெயர் தெருவில் அழுகிவிடும். இதை அவர் புது ஆய்வாளர்களுக்குச் சொன்னதும் உண்டு.

திரையில் ஒரு குட்டி மணல்மேட்டில் ஏறியது. "பின்னங்காலை ஊனலை பாரு" என்றார் மாமனார் திடீரென்று. யாரையும் பார்த்துச் சொல்லவில்லை. "முள்ளு ஏறியிருக்கு. சீழ் பிடிச்சிருக்கும். இவன் அதைப் பார்த்தானா, இல்ல படம் எடுத்துட்டு வந்துட்டானா?"

"நீங்களே கேளுங்களேன்ப்பா" என்றாள் மகள்.

அவனைப்பற்றிப் பேசக்கூடாது என்ற நிபந்தனை மீறப்பட்டது. கிழவர் அதைக் கவனித்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை. மடியிலிருந்த பை எப்போதோ தரைக்கு இறங்கியிருந்தது. படத்தின் கடைசியில் மகனின் பெயர் வந்தது. கண்புரைக் கண்ணைச் சுருக்கி, அது மறையும்வரை பார்த்தார்.

வாசலில் ஸ்கூட்டர் ஒலி கேட்டது. மாமனாரைப் பஸ்ஸில் ஏற்றிவிடுவது சகலையின் பொறுப்பென்று காலையிலேயே பேசி வைத்திருந்தார்கள். வழக்கமாக வண்டியை நிறுத்தியதும் குரல் கொடுத்துக்கொண்டே உள்ளே வந்துவிடுகிறவர், இன்று தெருவிலேயே நின்று ஹாரனை ஒருமுறை அடித்தார். மெதுவாக, அந்நிய வீட்டு வாசலில் அடிப்பதுபோல.

மாமனார் குடையுடன் வாசலுக்குப் போனார். முத்திரையார் அவரைத் தாண்டிக்கொண்டு படியிறங்கித் தெருவுக்கே போய்விட்டார். செருப்புப் போடவும் மறந்திருந்தார். சகலை வண்டியின்மேல் உட்கார்ந்தபடி முன்சக்கரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மாமா, கொஞ்சம் நில்லுங்க" என்றார் முத்திரையார். குரல் அவருக்கே வேறு யாருடையதோபோல ஒலித்தது. "பெட்டி நல்ல பெட்டி. தட்டிக் கொட்டிச் சரியாகலை. நான் உள்ள வச்சு சீல் பண்ண ஆம்பிளிபயர்தான் நடுவுல நின்னு மறிச்சது. நடுவுல ஒண்ணுமில்லைன்னு சொன்னது என் தப்பு. சோதிக்காம இவனைப் போலின்னு சொன்னது அதைவிடப் பெரிய தப்பு. நீங்க கேக்கத்தான் சொன்னேன். நீங்க கேக்கவே திருப்பி எடுத்துக்கறேன்."

கையை விரித்தார். அறுந்த கம்பியும் நசுங்கிய ஈயமும் உள்ளங்கையில் கிடந்தன.

மாமனார் அதைக் குனிந்து பார்த்தார். அடுத்த பஸ்ஸுக்குப் போகலாம் என்று மட்டும் சகலையிடம் சொன்னார். ஒரு போன் பேச வேண்டியிருக்கிறது என்றும், நம்பர் மகளிடம் இருக்கும் என்றும் சொல்லிக்கொண்டே உள்ளே திரும்பிவிட்டார்.

தெருவில் இருவர் மட்டும் இருந்தார்கள். சகலை இன்னும் வண்டியைவிட்டு இறங்கவில்லை.

"மனசு வலிச்சுதுண்ணே" என்றார். "வேற யாரு முன்னாடி சொல்லியிருந்தாலும் சிரிச்சிட்டுப் போயிருப்பேன்."

"தெரியும்."

"மன்னிப்பை எழுதி முத்திரை குத்தித் தருவீங்களா?"

"இடுக்கியை எடுத்துட்டு வரவா?"

சகலை சிரிக்கத்தான் பார்த்தார். பாதிச் சிரிப்பு வந்தது. இறங்கி நடந்தவர் வாசற்படிக்கு முன்னே நின்றுவிட்டார். ஏறவில்லை. முத்திரையார் உள்ளே போனார். திரும்பி வரும்போது ஒரு கையில் பிஸ்கட் டப்பா, மறு கையில் கத்தரிக்கோல். அந்தப் படியிலேயே உட்கார்ந்து, சகலை பார்த்திருக்க, கம்பியை வெட்டி மூடியைத் திறந்து டப்பாவை அவர் பக்கம் நீட்டினார்.

சகலை டப்பாவைப் பார்த்தார். பிறகு படியேறி, பக்கத்தில் உட்கார்ந்து, ஒன்றை எடுத்துக் கடித்தார்.

"நமுத்துப் போச்சுண்ணே" என்றார்.

"போயிருக்கும்" என்றார் முத்திரையார்.

உள்ளே கிழவரின் குரல் கேட்டது. எந்தக் கால், வலதா இடதா, வீக்கம் இருந்ததா என்று கைப்பேசியில் உரக்கக் கேட்டுக்கொண்டிருந்தார். சகலை இன்னொரு பிஸ்கட்டை எடுத்துக்கொண்டார்.